குரலுக்கு உயரம் உண்டா?

சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இது பழக்கம். போனில் நாலு வார்த்தை பேசுவதற்குள் "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிடுவார்கள். கேட்கிறவர்கள் பரவாயில்லை, கேட்காதவர்கள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். நான் நெல்லைக்காரன். அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் வருமா என்று நான் விசாரித்துக்கொண்டிருப்பேன். அவர்களோ சினிமாவில் அரிவாள் வரும் காட்சிக்குக் காத்திருப்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

குரலை வைத்து ஆளை அளப்பது எதுவரை போகும் என்று கனடாவின் மான்ட்ரியல் நகரில் சோதித்துப் பார்த்தார்கள். மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட்டும் சகாக்களும் செய்த அந்த ஆய்வு 1960-ல் வெளியானது. ஆங்கிலமும் பிரெஞ்சும் சரளமாகப் பேசும் சிலரை, ஒரே பத்தியை இரண்டு மொழியிலும் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். அதை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, பேசுகிறவர் எப்படிப்பட்டவர் என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒரே ஆள்தான் இரண்டு முறை வருகிறார் என்பது மாணவர்களுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் படித்தபோது அவர் அறிவாளி, நம்பத் தகுந்தவர், பார்க்க லட்சணமானவர், ஏன், உயரமானவரும்கூட. பிரெஞ்சில் படித்ததும் அதே ஆள் குள்ளமாகிவிட்டார். ஒலிநாடாவில் உயரத்தை எங்கே கண்டார்களோ!

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்கள் அப்படிச் சொன்னதில் வியப்பில்லை. அன்றைய மான்ட்ரியலில் பணமும் பெரிய பதவிகளும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் கையில்தான் இருந்தன. ஆனால் பிரெஞ்சு மாணவர்களும் அதையே சொன்னார்கள். தங்கள் மொழிக் குரலை ஆங்கில மாணவர்களைவிடவும் அதிகமாகத் தாழ்த்தினார்கள். அந்த ஆய்வில் என்னை உறுத்துவது இதுதான்.

நம் சென்னைத் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். சந்திரபாபு, தேங்காய் சீனிவாசன், லூஸ் மோகன் என்று திரையில் அது வெகுகாலம் சிரிப்பு மூட்டுகிறவர்கள் வாயில்தான் இருந்தது. இல்லையென்றால் ரவுடி வாயில். வடசென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர், வங்கிக்குள் நுழைந்ததும் 'இன்னா'வை வாசலில் விட்டுவிட்டு 'என்னங்க' என்று ஆரம்பிப்பார். யாரும் அவரை அப்படிப் பேசச் சொல்லவில்லை. கோவைத் தமிழுக்கு இந்தத் தொல்லை கிடையாது. "நீங்க சுத்த அயோக்கியருங்க" என்று திட்டினாலும் கோவைக்காரருக்கு மரியாதை தெரிந்தவர் என்ற பெயர் மிஞ்சும். "வா வாத்யாரே" என்று கூப்பிடுவதில் எவ்வளவு மரியாதை இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

இதில் இன்னொரு கோணல் உண்டு. 1977-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோதி வில்சனும், பெல்ஜியக்காரரைப்போல ஆங்கிலத்தை உச்சரிக்கும் ஓர் ஆசிரியரின் பேட்டியை மாணவர்களுக்குக் காட்டினார்கள். ஒரு குழு பார்த்த பேட்டியில் அவர் கனிவாகப் பேசினார், மற்றதில் சிடுசிடுத்தார். முதல் குழுவுக்கு அவருடைய உச்சரிப்பு பிடித்திருந்தது. இரண்டாவது குழுவுக்கு அதே உச்சரிப்பு எரிச்சலாக இருந்தது. ஆளைப் பிடிக்காததால் உச்சரிப்பும் கசந்தது என்பதே உண்மை. மாணவர்களோ, உச்சரிப்பு கசந்ததால்தான் ஆளைப் பிடிக்கவில்லை என்று மனதார நம்பினார்கள். எனவே "நான் பாரபட்சம் பார்ப்பதில்லை" என்று ஒருவர் சத்தியம் செய்தால் அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. அவருக்கே தெரியாது, அவ்வளவுதான்.

நல்ல மனசு மட்டும் இதற்குப் போதாது, ஏற்பாடு வேண்டும். விடைத்தாளில் பெயரை மறைத்து டம்மி நம்பர் போடுகிறோம். எவ்வளவு நேர்மையான ஆசிரியர் திருத்தினாலும் அதுதான் விதி. நேர்முகத் தேர்வில் குரலை அப்படி மறைக்க முடியாது. ஆனால் வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கலாம். ஒவ்வொரு பதிலுக்கும் அடுத்த கேள்விக்குப் போகும் முன்பே மதிப்பெண்ணை எழுதிவிடலாம். ஆளை வெளியே அனுப்பிவிட்டு "எப்படித் தோணுது?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற வழக்கம் இருக்கிறதே, வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் முதலில் அதை நிறுத்துங்கள்.