தாத்தாவின் படமும் ஒரு மோரிஸ் மைனரும்



பள்ளி ஆண்டு மலருக்குப் பழைய நிழற்படங்களைத் திரட்டும் பொறுப்பு இம்முறை என்னிடம் வந்து சேர்ந்தது. பெற்றோர் பலர் மனமுவந்து படங்களைத் தந்தனர். நானும் என் பங்குக்கு எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்த படத்தை நகலெடுத்துச் சேர்த்தேன்.

குளுவாங் வட்டாரத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளி அது. பலகைச் சுவர், அத்தாப்புக் கூரை. பள்ளியின் முன் ஒரு மகிழுந்து நிற்கிறது. அதன் முன்னால் ஏழெட்டு ஆடவர்களும் சில சிறுவர்களும். நடுவில் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக நிமிர்ந்து நிற்பவர் என் தாத்தா, அப்பாவைப் பெற்றவர். அவருக்கென்று இருப்பது இந்த ஒரு படம் மட்டுமே. ஆண்டுதோறும் திதி நாளில் மாலை சூட்டப்படுவதும் இதற்குத்தான்.

படம் எடுக்கப்பட்ட ஆண்டு 1953 என்பது அப்பாவின் கூற்று. அவ்வாண்டுதான் அவர் முதலாம் வகுப்பில் சேர்ந்தாராம். "பெரிய கிராணியார் புதுக் காடி வாங்கிய சமயம். எனக்கு அன்று காய்ச்சல், அதனால்தான் நான் படத்தில் இல்லை" என்பார். சிறு வயது முதல் கேட்டுப் பழகிய செய்தி. ஆகவே, படத்தின் கீழ் '1953' என்று எழுதிவிட்டேன். எதையும் சான்றுடன் எழுத வேண்டும் என்று வரலாற்றுப் பாடத்தில் மாணவர்களுக்குச் சொல்பவள் நான்!

மெய்ப்புப் பார்த்த சக ஆசிரியர் ஒருவர் அந்த எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டு, "மகிழுந்தைக் கவனித்தீர்களா?" என்று ஓரத்தில் எழுதித் தந்தார். பழைய வண்டிகள்மீது தீராத பற்றுக் கொண்டவர் அவர்.

அந்த வண்டி மோரிஸ் மைனர். மலாயாவில் ஒரு காலத்தில் ஆசிரியர்களும் எழுத்தர்களும் விரும்பி ஓட்டிய சிற்றுந்து. தமிழ்நாட்டுத் திரைப்படங்களில் நாம் கண்டு களித்த அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்தது. மைனரை அதன் தம்பி எனலாம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வண்டி 1948ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. உற்பத்தி தொடங்கும் தறுவாயில், வண்டி ஒடுங்கித் தெரிகிறதே என்று அவருக்குத் தோன்றியதாம். மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக அறுத்து, நடுவே நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். பானெட்டின் நடுவில் மேடு கட்டியதுபோல் ஓடும் பட்டை அந்த ஒட்டின் அடையாளமே. எங்கள் படத்திலும் அது மங்கலாகத் தெரிகிறது.

1971 வரை வெளிவந்த வண்டி என்பதால், எல்லா மைனரும் ஒரே சாயல். ஆனால் எல்லாம் ஒன்றல்ல. தொடக்க கால வண்டிகளில் முகப்பு விளக்குகள் தாழ்ந்து, கிரில்லை ஒட்டியே அமைந்திருக்கும். அமெரிக்காவில் விளக்குகள் குறிப்பிட்ட உயரத்தில் இருக்க வேண்டும் என்ற விதி இருந்ததால், அங்கு அனுப்பிய வண்டிகளில் முதலில் அவை மட்கார்டின் மேல் ஏறின. 1950 தொடங்கி மற்ற நாட்டு வண்டிகளிலும் ஏறிவிட்டன. எங்கோ ஒரு நாட்டில் இயற்றிய விதி, குளுவாங் தோட்டத்துச் செம்மண் சாலையில் நின்ற வண்டியின் முகத்தை மாற்றியிருக்கிறது!

படத்தில் விளக்குகள் மேலேதான் இருந்தன. ஆக, 1950க்குப் பிந்திய வண்டி. அப்பாவிடம் சொன்னேன். "நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்று சிரித்தார்.

அத்துடன் நான் நிறுத்தியிருக்கலாம்.

சக ஆசிரியர் அடுத்துப் பார்க்கச் சொன்னது கிரில். 1954 அக்டோபர் வரை வந்த வண்டிகளின் கிரில் தேங்காய்த் துருவியைப்போல் சிறு சிறு கட்டங்களாக இருக்கும். அதன்பின் அகன்ற கிடைப்பட்டைகள் வந்தன. படத்தைப் பெரிதாக்கிக் கணினித் திரையில் பார்த்தேன். ஒரு சிறுவனின் கால் பாதியை மறைத்தது. மறுபாதியில் தெரிந்தவை கிடைப்பட்டைகள்.

1953 பிழை என்பது உறுதியாயிற்று. அதுவல்ல என் கவலை. தாத்தா இறந்தது 1955ஆம் ஆண்டுத் தை மாதத்தில். அப்பாவுக்கு அப்போது வயது ஒன்பது. இங்கிலாந்தில் அக்டோபரில் மாறிய வண்டி கப்பலேறி வந்து, தைக்குள் தோட்டத்தை அடைந்திருக்குமா? அடைந்திருக்கலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பள்ளியைச் சுற்றியிருந்த முள்வேலி கைகொடுக்குமா என்றும் பார்த்தேன். அவசரகாலம் 1948 முதல் 1960 வரை நீடித்ததால் வேலியால் எதையும் முடிவு செய்ய இயலவில்லை.

எஞ்சியது முன்கண்ணாடி. 1956 அக்டோபரில் 'மைனர் 1000' வரும் வரை முன்கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டுகளாக, நடுவே ஒரு தூணுடன் இருந்தது. அதன்பின் வளைந்த ஒரே கண்ணாடி. படத்திலோ, அந்தத் தூண் இருக்க வேண்டிய இடத்தை மறைத்துக்கொண்டு நிற்பவரே தாத்தாதான்.

குளுவாங்கில் பட்டறை வைத்திருக்கும் முதிய சீனர் ஒருவரிடம் படத்தைக் கொண்டு சென்றேன். இளமையில் தம் தந்தையுடன் சேர்ந்து எத்தனையோ மைனர்களைப் பழுது பார்த்தவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு, படத்தை விழிக்கருகே வைத்துப் பார்த்தார். "நடுவை விடு, ஓரத்தைப் பார்" என்று மலாயில் சொன்னார். பழைய வண்டியில் கண்ணாடியின் இருபுறத் தூண்களும் தடித்திருக்கும். ஒரே கண்ணாடி வந்தபோது அவை மெலிந்தன. கண்ணாடியும் ஓரங்களில் வளைந்து பக்கவாட்டை நோக்கித் திரும்பியது. அவர் விரல் நகத்தால் காட்டிய இடத்தில் தூண் மெலிந்துதான் இருந்தது. "ஆயிரம்" என்றார் ஒரே சொல்லில்.

தாத்தா மறைந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு உருவான வண்டி அது. அதன் முன்னால் அவர் எப்படி நிற்க முடியும்?

இதை எண்பதை நெருங்கும் அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று மூன்று நாள் தடுமாறினேன். மலர் அச்சுக்குப் போக வேண்டிய நெருக்கடி. சொல்லாமல் 1953 என்றே விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் வட்டமிட்ட அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் மனம் உறுத்தியது. நான்காம் நாள் மாலை, தேநீர் கொடுத்துவிட்டு, விளக்கு, கிரில், கண்ணாடி என்று வரிசையாகச் சொன்னேன்.

அப்பா சினம் கொள்ளவில்லை. நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் அதுவரை கேட்டறியாத ஒன்றைச் சொன்னார்.

"இந்தப் படம் அம்மாவின் இரும்புப் பெட்டியில் இருந்தது. எனக்குப் பதினான்கு, பதினைந்து வயதிருக்கும். அப்பாவின் முகம் மறந்துகொண்டே வந்த காலம். இது அப்பாதானே என்று நான்தான் கேட்டேன். அம்மா வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார்."

"அப்படியானால் இவர் யாரப்பா?"

"சித்தப்பாவாக இருக்கும். இருவருக்கும் ஒரே சாயல். அப்பா காலமான பிறகு எங்களுக்குச் சோறு போட்டவர். அப்புறம் ரஜூலா கப்பலில் ஊருக்குப் போனார். ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை."

காய்ச்சல், புதுக் காடி, 1953 ஆகியவற்றை அவரே கட்டிக்கொண்டாரா, வேறு ஏதோ ஒரு நாளின் நினைவு இப்படத்தோடு ஒட்டிக்கொண்டதா என்று நான் துருவிக் கேட்கவில்லை. படத்தின் கீழ் என்ன எழுத வேண்டும் என்பதை மட்டும் கேட்டேன். உள்ளதை எழுதச் சொன்னார். 'தோட்டப் பள்ளியின் முன், 1956ஆம் ஆண்டு அக்டோபருக்குப் பின்' என்று மலரில் அச்சாகியுள்ளது. நிற்பவர்களின் பெயர்களை அறிந்தோர் தெரிவிக்கலாம் என்றும் ஒரு வரி சேர்த்துள்ளேன். இதுவரை எவரும் தொடர்பு கொள்ளவில்லை.

சென்ற தை மாதம் திதி வந்தது. படம் அதே ஆணியில்தான் தொங்கியது. வழக்கம்போல் நான் பூக்கடைக்குக் கிளம்பினேன். வாசல் வரை வந்த அப்பா, "இந்த முறை கொஞ்சம் பெரிய மாலையாக வாங்கி வாம்மா" என்றார்.