பிரேம் செத்த பலகை

10-11-2024, ஞாயிறு
ராயபுரம்

மன்றத்துப் பழைய கேரம் பலகை இன்று முழுக்க மானத்தை வாங்கிவிட்டது. பேஸில் ஸ்டிரைக்கரை வைத்து ஓங்கிச் சுண்டினால் எதிர்ப் பிரேமில் பட்டு வந்து, நம் பக்கத்துப் பிரேமில் பட்டு, மறுபடியும் எதிரே போய், பாதி தூரமாவது திரும்பி வரவேண்டும். மூன்றரை ஓட்டம் என்பது பன்னாட்டு கேரம் சம்மேளனத்தின் விதி. அந்தச் சம்மேளனம் 1988இல் தொடங்கியதே நம் சென்னையில்தான். நம் பலகையிலோ கிழக்கு மேற்காக அடித்தால் இரண்டு ஓட்டத்தோடு சரி. “தாத்தா, ஸ்டிரைக்கர் தூங்குது” என்கிறாள் எதிர்வீட்டுப் பெண். எட்டாவது படிக்கிறாள், வாய் அதிகம்.

பிள்ளைகளின் பேச்செல்லாம் புதுவண்ணாரப்பேட்டை காசிமாவைப் பற்றித்தான். அமெரிக்காவில் உலகக் கோப்பை ஆடப் போயிருக்கிறாள். ஆட்டோ ஓட்டுநர் மகள், வயது 17.

12-11-2024, செவ்வாய்

மழை. பள்ளிக்கூடம் லீவு. பிள்ளைகள் காலையிலேயே மன்றத்தில். போரிக் பவுடர் ஈரம் குடித்துக் கட்டிகட்டியாய் நிற்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் காய் நகர மாட்டேன் என்கிறது. ஆட்டம் நடக்காது என்று ஆனதும் பலகையைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் குறுக்குச் சட்டங்கள் நன்றாகவே இருக்கின்றன. பிரேமைப் பிடிக்கும் ஸ்குரூக்கள்தான் துருவேறித் தலை கரைந்து கிடக்கின்றன. காசிமேட்டுக் காற்று இரும்பை விட்டுவைக்காது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் மாசம் தவறாமல் கிரீஸ் பூசியும் பூட்டு இறுகிக்கொள்ளும்.

மேற்குப் பிரேமைக் கட்டைவிரலால் அழுத்தினேன். அசைந்தது. கட்டை அசைந்தால் அடியின் வேகத்தை அதுவே விழுங்கிவிடும். மீதி என்ன திரும்பி வரும்?

செயலாளர் தம்பி, “பெரியமேட்ல புதுசு ஒண்ணு எடுத்துடலாம்ணா” என்றார். புதுப்பலகை வந்தால் டோர்னமென்ட் அன்றைக்கு மட்டும் வெளியே வரும், மற்ற நாளெல்லாம் உறை போட்டு அலமாரிக்குள் இருக்கும். எல்லா மன்றத்திலும் இதே கதைதான். பிள்ளைகள் பழகுவது செத்த பலகையில். செத்த பிரேமுக்கு ஏற்ற வேகமும் கோணமும் விரலில் ஏறிவிட்டால், நல்ல பலகையில் உட்காரும்போது, பிரேமில் மோதித் திரும்பும்படி டபுள் அடித்த காய் பாக்கெட்டைத் தாண்டி எங்கோ போகும். ஆகவே சரி செய்யவேண்டியது இதைத்தான். வாதாடி ஜெயித்தேன்.

14-11-2024, வியாழன்

ஆசாரி வந்தார். மூலைமட்டத்தைப் பலகை மேல் நிறுத்தி, பிரேமின் உள்முகத்தோடு சேர்த்துவைத்து, பின்னால் டார்ச் அடிக்கச் சொன்னார். நடுவில் மெல்லிய கீற்றாக வெளிச்சம் கசிந்தது. விரலை ஓட்டினால்தான் தெரிகிற ஒரு பள்ளம், பலகையிலிருந்து காயின் பருமன் உயரத்துக்குள், பிரேம் நெடுக ஓடுகிறது. வருஷக்கணக்காகக் காயும் ஸ்டிரைக்கரும் ஒரே உயரத்தில் இடித்து இடித்து விழுந்த வடு. முகம் வெளிப்பக்கம் சாய்ந்தும் இருக்கிறது. அதனால்தான் வேகமாக வரும் ஸ்டிரைக்கர் எகிறிக் குதிக்கிறது. “மரத்து மேல குத்தம் இல்ல. சரியான ஈட்டி இது. இப்ப இந்த மரம் எங்க கிடைக்குது?” என்றார்.

இழைத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்க முடியாது. ஆடுதளம் பக்கத்துக்கு 73.5 முதல் 74 செ.மீ.க்குள் இருக்கவேண்டும். அளந்தால் கிழக்கு மேற்காக 73.8. இரண்டு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் இழைத்தால் சரியாக 74. அதற்கு மேல் ஒரு சீவல் எடுக்கக் கூடாது. இழைத்த அளவுக்குப் பிரேமை உள்ளே தள்ளிப் பூட்டினால் என்ன என்று கேட்டேன். கோடு என்னவோ சரியாகும், ஏனென்றால் பேஸ் கோட்டுக்கும் பிரேமுக்கும் 10.15 செ.மீ. என்பது கணக்கு. ஆனால் தள்ளினால் மூலைப் பொருத்தம் கலையும். ஆசாரி யோசிக்கவேயில்லை. பிரேம் பழைய இடத்திலேயே இருக்கட்டும், முகத்தை மட்டும் எடுப்போம் என்றார். கோடு ஒரு மயிரிழை விலகும். பழகுகிற பலகைக்கு அது பரவாயில்லை.

16-11-2024, சனி

திருவொற்றியூரில் தெரிந்த பையன் வேலை செய்யும் பூல் பார்லருக்குப் போனேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை, பஸ் நகரவில்லை. அங்கேயும் மேசை ஓரத்துக் குஷன் மாற்றுகிற வேலை என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். துணியை உரித்துப் பழைய ரப்பரை நகத்தால் அழுத்திக் காட்டினான். கல். ஓரிடத்தில் பொருபொருவென்று உதிர்ந்தது.

அவர்கள் கவலை வேறு. பந்து உருண்டை, 57 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். குஷனின் மூக்கு பந்தின் உயரத்தில் ஏறக்குறைய 63 சதவீதத்தில் வந்து முட்டவேண்டும், அதாவது சுமார் 36 மில்லிமீட்டர். ஏறினால் பந்தை அமுக்கும், இறங்கினால் பந்து துள்ளும். புது ரப்பர் ஒட்டிய பிறகு மரச்சட்டத்துக்கு அடியில் மெல்லிய தகடு கொடுத்து அந்த உயரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். நம்முடையது தட்டைக் காய், முகம் செங்குத்தாக இருந்தால் போதும்.

லண்டன் தர்ஸ்டன் கம்பெனி 1835 வாக்கில் முதன்முதலாக ரப்பர் குஷன் போட்டபோது குளிர்காலத்தில் அது விறைத்துக்கொள்ளுமாம். வெந்நீர்ப் பாத்திரம் வைத்துச் சூடு காட்டி ஆடியிருக்கிறார்கள். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தக் கற்றபின்தான் அந்தத் தொல்லை தீர்ந்தது. அவர்களுக்குக் குளிர், நமக்கு ஐப்பசி மழை.

18-11-2024, திங்கள்

காசிமாவுக்கு மூன்று தங்கம்! ஒற்றையர், இரட்டையர், குழு. போனில் படம் வந்ததும் தெரு முழுக்கச் சத்தம். வடசென்னைக்கு இது புதிதல்ல. வியாசர்பாடி இளவழகி 2008இல் உலகச் சாம்பியன் ஆனபோதும் இப்படித்தான் இருந்தது. அவள் அப்பா மீன்பாடி வண்டி ஓட்டியவர். அதற்கும் முன்னால் சென்னைக்காரர் மரிய இருதயம் இரண்டு முறை உலகப் பட்டம் வாங்கி, அர்ஜுனா விருதும் பெற்றார். இந்த மூவரின் படத்தையும் மன்றத்துச் சுவரில் மாட்டவேண்டும் என்று தீர்மானம். படத்துக்கு உடனே பணம் சேர்ந்தது. பிரேமுக்குச் சேர்க்கத்தான் கெஞ்சவேண்டியிருந்தது.

சத்தத்துக்கு நடுவில் ஆசாரி தலை நிமிராமல் இழைத்துக்கொண்டிருந்தார். நாலு இழுப்புக்கு ஒரு தரம் மூலைமட்டம். கருஞ்சிவப்புச் சுருள்கள் தரையெங்கும், லேசான வாசனையோடு. பிரேம் உட்காரும் ஓரத்தில் ஒட்டுப்பலகை ஈரம் குடித்துத் தட்டு தட்டாகப் பிரிந்திருந்தது. அதற்குள் ஃபெவிகால் செலுத்தி, கிளாம்பு போட்டு இறுக்கிவைத்தோம்.

23-11-2024, சனி

பித்தளை ஸ்குரூ வாங்கினேன். விலை ஜாஸ்திதான், ஆனால் துருப்பிடிக்காது. பழைய ஓட்டைகளில் மூங்கில் ஆப்பு அடித்து அடைத்து, புதிதாகத் துளை போட்டார். ஒரு முனையிலிருந்து வரிசையாக முடுக்கக் கூடாதாம். நடு, பிறகு இரண்டு ஓரம், மறுபடி நடு. இல்லாவிட்டால் பிரேம் வில்லாக வளையும். முடுக்க முடுக்க ஸ்டிரைக்கரால் தட்டிக் காதால் பார்த்தோம். வடக்குப் பாக்கெட் பக்கம் மட்டும் ‘டொப்’ என்றது. பிரேமுக்கும் பலகைக்கும் இடையே விசிட்டிங் கார்டு நுழைந்தது. மறுபடி கழற்றி, வெனீர் சீவல் ஒன்றை வைத்துப் பூட்டியதும் ‘டக்’ என்று முறிந்தாற்போல ஒரே சத்தம்.

30-11-2024, சனி

ஃபெஞ்சல் புயல். விமான நிலையம் மூடிவிட்டார்கள். பலகையைத் தரையிலிருந்து தூக்கி பீரோ மேல் ஏற்றி, தார்ப்பாய் சுற்றிவிட்டு வந்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

3-12-2024, செவ்வாய்

வெயில். அறைக் காற்று உலர மின்விளக்கைக் காலையிலிருந்தே எரியவிட்டு, புதுப் பவுடர் போட்டோம். செயலாளர் தம்பி கை வலுவானது, அவரையே அடிக்கச் சொன்னேன். மூன்று ஓட்டம் ஓடி, நாலாவதில் நடுவட்டத்தையும் தாண்டிப் போய் நின்றது. கிழக்கு மேற்காகவும் அதேதான். மூலையில் மட்டும் கொஞ்சம் மந்தம் இருக்கிறது, ஒட்டுப்பலகை இன்னும் காயவேண்டும்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்குத்தான் கோபம். அவள் வழக்கமாகப் போடும் டபுள் ஒன்றுகூட விழவில்லை. “முன்னாடியே நல்லா இருந்துச்சு தாத்தா, இப்ப ரொம்ப ஓடுது” என்று ஸ்டிரைக்கரை வைத்துவிட்டு எழுந்தாள். விரலை மெதுவாக விடு என்றேன். காது கொடுத்துக் கேட்டதாகத் தெரியவில்லை, ஆனால் வீட்டுக்கும் போகவில்லை. ஒன்பது மணி வரை தனியாக உட்கார்ந்து அதே டபுளை அடித்துக்கொண்டிருந்தாள்.

ஆசாரிக்கு இன்னும் 400 ரூபாய் பாக்கி.