சார் வரலையா?

"தொடாதே. நான் வந்து பார்க்கிறேன்."

எங்கள் வீட்டில் லேப்டாப்பைப் பற்றி முதன்முதலாகச் சொல்லப்பட்ட வாக்கியம் இதுதான். சொன்னவர் என் கணவர். நெய்வேலி சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை. பெரிய பெரிய இயந்திரங்களோடு புழங்குபவர் என்பதால் வீட்டில் ஸ்க்ரூ வைத்த எல்லாப் பொருட்களும் அவர் இலாகா. மிக்ஸியும் கிரைண்டரும் மட்டும் என்னுடையவை. அவற்றிலும் மோட்டார் இருக்கிறது, வயர் இருக்கிறது, சூடேறினால் நின்றும் போகிறது. ஆனாலும் ஏனோ அவை இயந்திரக் கணக்கில் வருவதில்லை.

அந்த லேப்டாப் என் மகளுக்கு அரசு கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா தொடங்கி வைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கானது. மகள் பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் வரிசையில் நின்று வாங்கி, பள்ளிப் பையைவிடப் பத்திரமாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆன் செய்தால் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். இரண்டில் எது வேண்டும் என்று அவள் முடிவு செய்வதற்குள் அது பீரோவுக்குள் போய்விட்டது. தினமும் ஒரு மணி நேரம், ஹாலில், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்து பார்க்கலாம். அவள் தம்பி கேம் விளையாடக் கேட்டால் மட்டும் பீரோ நேரங்காலம் பார்க்காமல் திறக்கும். அரசு அவள் பெயரில் கொடுத்த பொருளாயிற்றே என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இப்போது எழுதும்போதும் அது உறுத்துகிறது.

தென் மாநிலங்களுக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிற ஊர் இது. அந்த ஊரில், சொந்த லேப்டாப்புக்கு சார்ஜர் போட ஒரு பெண் அப்பாவிடம் அனுமதி கேட்டு நின்றாள்.

மகள் படித்து முடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். புது லேப்டாப் வாங்கிக்கொண்டாள். பழையது பீரோவிலேயே கிடந்தது, 2020 வரை.

அந்த மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். நான் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். ஜூனில் ஆன்லைன் வகுப்பு என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் இருந்தது பட்டன் போன். வீட்டிலிருந்த ஒரே ஸ்மார்ட்போன் கணவரோடு ஷிஃப்டுக்குப் போய்விடும். வேறு வழியில்லாமல் பீரோ திறந்தது. கணவரே உட்கார்ந்து எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தார். குரோம் போட்டார், தன் ஜிமெயிலில் நுழைந்தார், ஏதோ கேட்டதற்கெல்லாம் "எஸ்" கொடுத்தார். "உனக்குத் தனியா ஐடி எதுக்கு? ஓடிபி எல்லாம் என் போனுக்குத்தானே வரப்போகுது" என்றார். எனக்கும் அது வசதியாகவே பட்டது.

இரண்டாவது வாரம் வகுப்பு திறக்கவில்லை. எந்தத் தளத்துக்குப் போனாலும் சிவப்பாக ஒரு எச்சரிக்கை, உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று. கணவர் ரீஸ்டார்ட் செய்தார். மோடத்தைப் பிடுங்கி மாட்டினார். மறுபடி ரீஸ்டார்ட். (அவருக்குத் தெரிந்த மருத்துவம் அது ஒன்றுதான் என்பது எனக்குப் புரிய இன்னும் ஒரு மாதம் ஆனது.) கடைசியில், "நெட்ல கோளாறு, கடையில காட்டு" என்று சொல்லிவிட்டு நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.

மறுநாள் லேப்டாப்பைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் மாஸ்க்குக்கு மேலே நிமிர்ந்து என் பின்னால் பார்த்தார். "சார் வரலையா?"

வரவில்லை என்றேன். என்ன கோளாறு என்று நான் சொல்ல ஆரம்பித்ததும், "சாருக்கு போன் போடுங்க மேடம், அவர்கிட்ட பேசிக்கிறேன்" என்றார். ஐந்து நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டு, போர்டு போய்விட்டது, நாலாயிரத்து ஐந்நூறு ஆகும் என்று என் கணவரிடம் போனில் சொன்னார். என் கையில் இருந்த லேப்டாப், என் வகுப்பு, என் சம்பளத்திலிருந்து போகப்போகும் பணம். பேச்சு மட்டும் அவர்கள் இருவருக்குள் நடந்தது.

அன்று ராத்திரி மகளிடம் பேசும்போது சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ம்மா, கீழே வலது மூலையில என்ன தேதி காட்டுது?"

2010 ஜனவரி 1.

அவள் சிரித்தாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். ஒவ்வொரு பாதுகாப்பான தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்று அதில் இருக்கும். பிரவுசர் அதை லேப்டாப்பின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். 2010இல் நிற்கிற லேப்டாப்பைப் பொறுத்தவரை 2020இல் கொடுத்த சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் கதவைத் திறக்க மறுக்கிறது. பெரிய பேட்டரி என்றைக்கோ செத்துவிட்டது. உள்ளே கடிகாரத்துக்கென்று இருக்கிற சின்ன பட்டன் செல்லும் தீர்ந்துபோனதால் சார்ஜரைப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் அது பழைய காலத்துக்கே ஓடுகிறது. அப்போதைக்குத் தேதியை மாற்றினேன். எச்சரிக்கை மறைந்தது. நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் மூன்று கிளிக்கில் மிச்சம்.

செல்லை மாற்ற பின்மூடியைக் கழற்ற வேண்டும். கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். சமையலறை மேடையில் பழைய பெட்ஷீட்டை விரித்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்று மறக்காமலிருக்க, தாளில் லேப்டாப்பைப் படமாக வரைந்து அந்தந்த இடத்தில் ஸ்க்ரூவை டேப் போட்டு ஒட்டினேன். அஞ்சறைப் பெட்டி வைத்திருக்கிறவளுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. கை மட்டும் நடுங்கியது. கோளாறாகிவிடுமோ என்ற பயமில்லை. அவர் எழுந்துவிடுவாரோ என்ற பயம்.

செல்லை மாற்றியபோதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. விசிறியில் கருப்பாகப் பஞ்சு போல அப்பியிருந்தது. எங்கள் ஊர்த் தூசியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கொடியில் காயும் வெள்ளைப் புடவையைக் கேட்டால் சொல்லும். அதே தூசி லேப்டாப்புக்குள்ளும் போய் விசிறியையும், அதன் பக்கத்திலிருக்கும் உலோகத் தகடுகளின் இடுக்கையும் அடைத்திருந்தது. சூடு வெளியே போக வழியில்லை. நடு வகுப்பில் திடீர் திடீரென்று அணைந்துபோனது இதனால்தான். வெந்து போவதற்கு முன் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. பெயின்ட் பிரஷ் ஒன்றை எடுத்து, விசிறி சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு துடைத்தேன். அதற்கப்புறம் படுக்கையிலும் தலையணையிலும் அதை வைக்க யாரையும் விடவில்லை. அடியிலிருக்கிற காற்றுத் துளைகள் மூடிக்கொள்ளும்.

என் மகள் பிறகொரு நாள் எனியாக் கணினியைப் பற்றிச் சொன்னாள். 1946இல் அமெரிக்காவில் அதை உலகுக்குக் காட்டினார்கள். ஏறக்குறைய 18,000 வால்வுகள். அதற்கு நிரல் எழுதியவர்கள் ஆறு பெண்கள். கையேடுகூட இல்லாமல் வயரிங் வரைபடங்களைப் பார்த்தே கற்றுக்கொண்டு, கோளாறு எந்த வால்வில் என்றுகூடக் கண்டுபிடிக்கிற அளவுக்குத் தேர்ந்தார்கள். வெள்ளோட்டத்துக்கான நிரலைத் தயார் செய்தவர்கள் அவர்களில் இருவர், ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர். அன்று இரவு நடந்த விருந்துக்கு அந்தப் பெண்களுக்கு அழைப்பில்லை. "சார் வரலையா?" அங்கேயும் கேட்டிருக்கிறார்கள் போல.

இதுவரை சொன்னது சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய கதை. அடுத்தது அப்படியல்ல.

அந்த வருஷம் எனக்கு நாற்பத்தேழு. மாதவிலக்கு பத்து நாள், பதினைந்து நாள் என்று நின்றபாடில்லை. நாற்காலியில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டுக்கொண்டு வகுப்பு எடுத்திருக்கிறேன். ஒரு மருத்துவர் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று சாதாரணமாகச் சொன்னார். நான் வீட்டில் சொல்லவில்லை. முதலில் எனக்கே புரிய வேண்டும் என்று நினைத்தேன். மதியம் வகுப்பு முடிந்ததும் தேடுவேன். கர்ப்பப்பை எடுத்தால் என்ன ஆகும், எடுக்காமல் இருக்க வழி உண்டா, எடுத்த பிறகு தாம்பத்தியம். என் அம்மாவிடம்கூடக் கேட்டிராத கேள்விகளை அந்தச் சின்னப் பெட்டிக்குள் தட்டினேன்.

ஒரு ராத்திரி சாப்பிடும்போது கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டாக்டர் எடுக்கச் சொன்னா எடுத்துட வேண்டியதுதானே. இதுக்கு எதுக்கு நெட்ல போய் கண்டதையும் தேடிக்கிட்டு?"

சோறு தொண்டையில் நின்றது.

அவர் வேவு பார்க்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். தன் போனில் எதையோ தேட இரண்டெழுத்து தட்டியிருக்கிறார். கீழே என் தேடல்கள் வரிசையாக வந்து நின்றிருக்கின்றன. லேப்டாப்பில் அவர் கணக்கில் நுழைந்து, கேட்டதற்கெல்லாம் "எஸ்" கொடுத்தாரே, அதில் ஒன்று சின்க். இங்கே பார்ப்பதெல்லாம் அந்தக் கணக்கு இருக்கிற எல்லாக் கருவிகளுக்கும் போகும். நான்கு மாதமாக நான் படித்ததெல்லாம் ஷிஃப்ட் பஸ்ஸில் அவர் சட்டைப்பையில் பயணம் செய்திருக்கிறது. அக்கறையோடுதான் கேட்டார். ஆனால் என் உடம்பைப் பற்றி எப்போது, யாரிடம், எந்த வார்த்தையில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தது என் கையை விட்டுப் போய்விட்டது.

அன்றிரவே எல்லாவற்றையும் அழித்தேன். கோபத்தில், "எல்லா நேரமும்" என்று தேர்ந்தெடுத்து, கண்ணில் பட்ட எல்லாப் பெட்டியிலும் டிக் அடித்தேன். ஹிஸ்டரி, குக்கீஸ், கேஷ், சேமித்த பாஸ்வேர்டுகள். சின்க் இரண்டு பக்கமும் ஓடும் என்பது மறுநாள் தெரிந்தது. அவர் போனில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகள் அத்தனையும் காணோம். ரயில் டிக்கெட், இன்சூரன்ஸ், பி.எஃப்., ஒன்றும் திறக்கவில்லை. "என்னத்த அழிச்சுத் தொலைச்சே?" என்று கத்தினார். அரை மணி நேரம் கழித்து வந்து நின்றார். "உன் டைரியில எழுதி வச்சிருப்பியே?"

வைத்திருந்தேன். பால் கணக்குக்கு அடுத்த பக்கத்தில். ஒவ்வொன்றாகப் படித்தேன், அவர் தட்டினார்.

நீங்கள் நான் செய்தது போலச் செய்யாதீர்கள். பக்கம் மெதுவாகத் திறக்கிறது, பாதியில் நிற்கிறது என்றால் கேஷை மட்டும் அழித்தால் போதும். குக்கீஸை அழித்தால் எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டும். ஹிஸ்டரியை அழிப்பது வேறு. தேடியதைக் கூகுள் கணக்கு தனியாகவும் குறித்து வைத்திருக்கும், அதைக் கணக்குக்குள் போய்த்தான் அழிக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது மேலே வலது ஓரத்தில் இருக்கிற சின்ன வட்டம். அதில் யார் படம், யார் பெயரின் முதல் எழுத்து இருக்கிறது?

அந்த வாரம் எனக்கென்று ஒரு ஜிமெயில் தொடங்கினேன். என் பட்டன் போனுக்கே ஓடிபி வந்தது. குறுஞ்செய்தி வந்தால் போதும், ஸ்மார்ட்போன் தேவையே இல்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. குரோமில் தனி புரொஃபைல் வைப்பது மட்டும் போதாது, அது பூட்டில்லாத அறை, யாரும் மாற்றிக்கொண்டு உள்ளே வரலாம் என்றாள் மகள். அதனால் விண்டோஸிலேயே எனக்குத் தனிப் பயனர், தனி பாஸ்வேர்டு. அந்த ஒன்றை மட்டும் டைரியில் எழுதவில்லை. கணவர் இரண்டு நாள் பேசவில்லை. "என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்றார். "மறைக்க இல்லை. சொல்றதுக்கு இருக்கு. நானா சொல்லணும்" என்றேன். அவருக்கு முழுதாகப் புரிந்ததா தெரியாது. மூன்றாம் நாள் லேப்டாப்பைத் திறந்தவர், என் பெயரைத் தொடாமல் தன் பெயரை அழுத்தி உள்ளே போனார்.

என் தேடல் வீணாகவில்லை. கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன் மருந்து உட்பட வேறு வழிகள் உண்டு என்று படித்துவிட்டுத்தான் புதுச்சேரியில் இன்னொரு மருத்துவரைப் பார்த்தேன். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். எடுக்கவில்லை. ஐம்பதில் தானாகவே நின்றது.

2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1. அந்த மூன்றில் ஒரு பெண்ணாக நானும் எண்ணப்பட்டிருக்கலாம். யார் கணக்கில் நுழைந்து பயன்படுத்தினீர்கள் என்று கேட்டிருந்தால் எண் எவ்வளவு குறையும் என்று சில நேரம் யோசிப்பதுண்டு.

இப்போது எங்கள் வட்டத்தில் லேப்டாப் டீச்சர் என்றால் நான்தான். போன வாரம் பக்கத்து குவார்ட்டர்ஸ் பெண் வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம். லேப்டாப் ஸ்லோவா இருக்குக்கா, கொஞ்சம் பாருங்க என்றாள். தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. தேதி சரியாக இருந்தது. பக்கங்கள் டக் டக்கென்று திறந்தன. அவள் திரையைப் பார்க்கவில்லை. தாழிட்டிருந்த வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹிஸ்டரி அழிக்கணுமாம்மா?" என்றேன்.

தலையாட்டினாள்.

"இரு. அவசரப்பட்டு அழிச்சிடாதே. இந்த வட்டத்துல இருக்கிறது யாரு?"

"அவரு."

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன். மவுஸை அவள் கையில் கொடுத்தேன்.