பின் சக்கரத்தின் பாடம்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

உருள்வதற்காகவே பிறந்தது சக்கரம். அது வழுக்கினால் ஓட்டுபவருக்கு அச்சம். உடன் இருப்பவருக்கு அதைவிட அச்சம். அந்த வழுக்கலையே அடக்கி ஆண்டு, வளைவில் காரைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டபடி செலுத்துவதை ஒரு கலையாக வளர்த்திருக்கின்றார்கள் ஜப்பானியர். 'டிரிஃப்ட்' என்பது அதன் பெயர். 1970களில் குனிமிட்சு தகஹாஷி என்ற பந்தய வீரர் வளைவுகளில் கையாண்ட முறை அது. அவரைக் கண்டு பழகிய கெயிச்சி சுச்சியா, 1987இல் வெளிவந்த ஒரு வீடியோ நாடாவின் மூலம் அதைப் பரவச் செய்தார்.

ஜப்பானியர் விளையாட்டுக்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். என் அப்பா பஞ்சர் கடை வைத்திருக்கின்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். டயரைப் பற்றிய செய்தி எதுவானாலும் எங்கள் வீட்டில் அது சொந்தக்காரரைப் பற்றிய செய்தி போலத்தான்.

சுச்சியாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கார் டொயோட்டா ஏஈ86. 1983 முதல் 1987 வரை தயாரான சிறிய கார். 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 130 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 940 கிலோ. இன்றைய டிரிஃப்ட் போட்டிக் கார்கள் பல நூறு குதிரைத்திறன் கொண்டவை. அவற்றின் முன் இது யானைக் கூட்டத்தில் ஆட்டுக்குட்டி. இந்த ஆட்டுக்குட்டிக்குப் பின் டயர் எப்படித் தேர்ந்தெடுப்பது? பெரிய வண்டிக்காரர்களைப் பார்த்து அகலமான, ஒட்டிப் பிடிக்கும் டயரைப் பூட்டினால் என்ன ஆகும்?

வகுப்பில் படித்ததை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஓட்டுநரோடு 1,000 கிலோ என்று கொள்வோம். அதில் ஏறத்தாழப் பாதி பின் சக்கரங்களின் மேல். உராய்வுக் கெழு 0.9 உள்ள மென்மையான டயர் என்றால், அது 4,400 நியூட்டன் வரை பிடித்து நிற்கும். 0.7 உள்ள கெட்டியான டயர் என்றால் 3,400தான். எஞ்சினின் உச்ச முறுக்குவிசை சுமார் 149 நியூட்டன் மீட்டர். இரண்டாவது கியரில் அது சக்கர விளிம்புக்கு வந்து சேரும்போது, இடையில் வீணாவது போக, 3,900 நியூட்டன் அளவில் இருக்கும். மென்மையான டயரிடம் எஞ்சின் தோற்கின்றது. கெட்டியான டயரை வெல்கின்றது. தேர்வின் இரகசியம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் அடங்கிவிட்டது என்றால் மிகையாகாது.

மூன்றாவது கியரில் இந்த விசை 2,700 அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே வலுக் குறைந்த காரை ஓட்டுபவர் எஞ்சினை மட்டும் நம்புவதில்லை. வேகத்தைக் குறைக்காமல் வளைவுக்குள் நுழைந்து, கிளட்சை வெட்டியோ கை பிரேக்கை இழுத்தோ சறுக்கலைத் தொடங்குகின்றார். சறுக்கத் தொடங்கிய டயரின் பிடியில் ஒரு பகுதி பக்கவாட்டு விசைக்கே செலவாகிவிடுவதால், மிச்சத்தை வெல்லச் சிறிய எஞ்சினே போதும்.

உராய்வு, தொடும் பரப்பைச் சார்ந்ததன்று என்பது 1699இல் அமோன்டன்ஸ் வெளியிட்ட விதி. ரப்பர் இந்த விதிக்கு முழுவதும் கட்டுப்படுவதில்லை. பாரம் அழுத்த அழுத்த அதன் உராய்வுக் கெழு குறைகின்றது. அகல டயர் பாரத்தைப் பரப்பி வாங்குவதால் கூடுதலாகப் பிடிக்கின்றது. எனவே ஏஈ86க்கு அதனோடு வந்த 185 மில்லிமீட்டர் அகலமே போதும். டயரின் பக்கவாட்டில் 'டிரெட்வேர்' என்று ஓர் எண் பொறித்திருந்தால் அதையும் பார்க்க வேண்டும். எண் கூடினால் தேய்மானம் குறைவு. பெரும்பாலும் பிடியும் குறைவு. பின்னால் 400 போன்ற கெட்டி ரப்பரும், முன்னால் நல்ல பிடியுள்ள ரப்பரும் பொருந்தும். திசை திருப்புவது முன் சக்கரமல்லவா! 14 அங்குலத்துக்குப் பதில் 13 அங்குல ரிம்மில் அதே 185/60 டயரைப் பூட்டினால் விட்டம் சுமார் 4 விழுக்காடு குறையும். இழுவிசை அந்த அளவுக்குக் கூடும். டயரில் குறித்துள்ள உச்ச அளவைத் தாண்டாமல் காற்றைச் சற்றுக் கூட்டினாலும் பிடி தளரும். இரண்டு பின் டயரும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். கம்பி தெரியும் மொட்டை டயர் ஆகவே ஆகாது. பிடியே இல்லாத டயர் காரை முன்னே தள்ளாது, வெடிக்கவும் செய்யும்.

இவ்வளவும் எழுதிக் கணக்கிட்ட பிறகு, செல்பேசியில் ஒரு படத்தை அப்பாவுக்குக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "முன்னாடி நல்ல டயரு, பின்னாடி கெட்டி ரப்பரு. எஞ்சின் சின்னது போலம்மா" என்றார். எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். இரண்டு பக்கக் கணக்குக்கு அவர் விடை எழுத ஒரு நிமிடமே ஆயிற்று. பிறகு, "தேயட்டும்னே டயர் போடுற ஊரும் இருக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என் பாடநூலில் விடை இல்லை.

சென்ற ஆண்டு இரண்டு இளைஞர்கள் காரோடு கடைக்கு வந்தார்கள். பின்னால் இரண்டு மொட்டை டயர் மாட்டித் தரச் சொன்னார்கள். இரவில் பைபாஸ் சாலையில் சறுக்கி ஓட்டப் போகின்றார்களாம். அதுவோ எஞ்சின் முன் சக்கரத்தைச் சுழற்றும் கார். பின் சக்கரத்தின் சறுக்கலை எஞ்சினால் ஆள அதில் வழியே இல்லை. அப்பா லிவரைக் கீழே வைத்துவிட்டார்.

"ரோட்டுல ஓடுற வண்டிக்கு நல்ல டயரு பின்னாடிதான் இருக்கணும் தம்பி. முன்னாடி வழுக்கினா நேரா போகும், சமாளிக்கலாம். பின்னாடி வழுக்கினா வண்டியே சுத்திடும். எதிர்ல வர்றவன் என்ன பாவம் பண்ணான்?"

அன்றைய கூலி வேறு கடைக்குப் போயிற்று. டயர் நிறுவனங்கள் இன்று கூறும் அறிவுரையும் அதுவே: எந்தச் சக்கரத்தில் இழுவை இருந்தாலும் சாலையில் புதிய டயர் பின்னால்தான். டிரிஃப்ட் விதி அதற்கு நேர் எதிர். ஆகவேதான் அதற்குரிய இடம், எதிரே வருபவர் எவருமில்லாத மூடிய களம். அங்கும் தொடக்கத்தில் பழகுபவர்கள் தரையை நனைத்துக்கொள்கின்றார்கள். டயர் மிஞ்சும், குறைந்த வேகத்திலேயே பாடம் கிடைக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது, கடன் வாங்கியாவது பொறியியலில் சேரும்படி உறவினர் பலர் கூறினார்கள். நான் பேருந்தில் வந்துபோகும் தொலைவில் உள்ள இந்த அரசுக் கல்லூரியில் இயற்பியலை எடுத்தேன். அகலமான டயரைப் பூட்டிவிட்டு அதைச் சுழற்ற முடியாமல் நிற்பதைவிட, உள்ள குதிரைத்திறனுக்குப் பொருந்துவதைப் பூட்டி ஓடத் தொடங்குவது மேல் என்பது அன்று எனக்குக் கணக்காகத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும் என்றே எண்ணுகின்றேன்.

நண்பர்களே! சிறிய எஞ்சினோடு வந்திருக்கின்றோமே என்று நம்மில் எவரும் வருந்த வேண்டியதில்லை. நம் வலுவை எண்ணால் அறிவோம். அதற்கேற்ற சக்கரத்தைப் பூட்டுவோம். எதிரே வருபவரை மறவாதிருப்போம். வளைவுகள் தாமாகவே வசப்படும்.