பான்ரமிலே குறிகட்டுவான் வரை

யாழ்ப்பாணக் கோட்டையைக் கடந்து பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இருபுறமும் கடல் விரிகின்றது. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என ஊர்களைக் கோத்துக்கொண்டு குறிகட்டுவான் துறைவரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர் செல்லும் வீதி இது. நயினை நாகபூசணி அம்மனை வழிபடச் செல்வோர் யாவரும் இதனை நன்கறிவர். சென்ற சித்திரை விடுமுறையில் நாமும் குடும்பத்துடன் இவ்வழியே சென்றோம். எமது தந்தையாரின் பழைய பி. எஸ். ஏ. பான்ரம் மோட்டார் சைக்கிளில் நாமும் மகனும் முன்னே செல்ல, தந்தையாரும் தாயாரும் மனைவியும் முச்சக்கர வண்டியிற் பின்னே வந்தனர்.

பான்ரம் என்பது சிறுசாதிக் கோழியொன்றின் பெயர். வண்டியும் சிறியதே, 123 கன சென்ரிமீற்றர் எஞ்சின், மூன்று கியர். 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த இவ்வண்டியின் மூல அமைப்பு ஜேர்மனியருடையது. டி. கே. டபிள்யூ. நிறுவனத்தின் ஆர். ரி. 125 வண்டிக்குரிய வரைபடங்கள், இரண்டாம் உலகப் போரின் இழப்பீடாகப் பிரித்தானியருக்குக் கிடைத்தன. ஒரு போரின் முடிவிற் பிறந்த இவ்வண்டி, எமது ஊரில் இன்னொரு போரையும் கண்டது.

1990இன் பின் பொருளாதாரத் தடையால் குடாநாட்டிற் பெற்றோல் அரிதாயிற்று. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலின் சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். தந்தையாரும் அவ்வாறே ஐந்தாண்டு ஓட்டினார்.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அந்த நெரிசலில் வண்டியை ஓட்ட இயலவில்லை. முதுமையுற்ற அப்பாச்சியை அதன்மேல் இருத்தி, தந்தையார் நாவற்குழிப் பாலம் வரை உருட்டிச் சென்றார். கைதடியில் அப்பாச்சி காலமானார். மறு ஆண்டு ஊர் திரும்பியதும் தந்தையார் வண்டியைக் கொட்டிலில் வைத்துச் சாக்கினால் மூடினார். அதன்பின் அதனைப் பற்றி அவர் பேசியதில்லை, நாமும் கேட்டதில்லை.

கேட்டவன் எம் மகன். உயர்தர வகுப்பில் கற்கும் அவனுக்கு, “சாக்கை எடு, பாப்பம்” என்று ஒருநாள் விடை கிடைத்தது. தந்தையாருக்கு இப்பொழுது கண்பார்வை மங்கிவிட்டது. அவர் சொல்ல, பேரன் செய்தான். இறுகிய பிஸ்ரனை எண்ணெயிற் பல நாள் ஊறவைத்து இளக்கினர். காபுரேற்றரில் மண்ணெண்ணெய்ப் பிசின் அடைத்திருந்தது, கழுவி ஊதினர். பொறியை மக்னீற்றோவே உண்டாக்குவதால் பற்றறி வேண்டியதில்லை; அதன் தொடுமுனைகளைத் துடைத்தனர். கனடாவிலுள்ள எம் தம்பி பிஸ்ரன் வளையங்களை அனுப்பினான். மனைவி இருக்கைக்கு உறை தைத்தாள். தாயார் அரிசிப் பானைக்குப் பின்னிருந்து திறப்பை எடுத்துத் தந்தார்.

வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதியின் நடுவில் வண்டி இருமி நின்றது. அங்கு நிழலில்லை, கடற்காற்று மட்டுமே. முச்சக்கர வண்டியிலிருந்து தந்தையார் இறங்கினார்.

“அப்பப்பா, பெற்றோல் வருகுதில்லைப் போல.”

“பெற்றோல் இருக்கு தம்பி. நிண்ட சத்தத்தைக் கேட்டனான். நெருப்புத்தான் இல்லை. பிளக்கைக் கழட்டு.”

அவர் சொன்னவாறே பிளக்கின் இரு முனைகளுக்கிடையே கரித்துணுக்கொன்று பாலமிட்டிருந்தது. இவ்வகை எஞ்சினில் எண்ணெயும் பெற்றோலுடன் கலந்தே எரிவதால் கரி படிவது இயல்பு. தாயார் கொண்டை ஊசியைக் கழற்றி நீட்டினார். மகன் சுரண்டித் துடைத்துப் பூட்டி, இரண்டாம் உதையில் எஞ்சினை எழுப்பினான். தந்தையார் தாங்கியின்மேற் கைவைத்துச் சிறிதுநேரம் நின்றார். பின்பு, “அம்மா நயினைக்கு நேர்த்தி வைச்சவா. போகக் கிடைக்கேல்லை,” என்றார். அம்மரணத்தின்பின் அவர் அதுபற்றி எம்மிடம் கூறிய முதல் வார்த்தை அதுவே.

குறிகட்டுவானில் வண்டியை நிறுத்திப் படகேறினோம். அம்மன் சந்நிதியிலே அப்பாச்சியின் நேர்த்தியைத் தந்தையார் தம் கையாலேயே நிறைவேற்றினார்.

எமது ஊர்களிற் பல கொட்டில்களில் இத்தகைய பழைய வண்டிகள் இன்றும் துருவேறிக் கிடக்கின்றன. அவற்றின் நுட்பமும் வரலாறும் அவற்றை ஓட்டிய முதியோரிடம் இருக்கின்றன. மாணவர்கள் அவர்களை அணுகிக் கேட்பார்களாக. அவர்கள் சொல்ல வல்லவராய் இருக்கும்போதே கேட்டல் நன்று.