நாவின் குற்றமன்று

தென் கொரியா நாட்டில் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், ஏறத்தாழ 35 நிமிடங்களுக்கு விமானங்கள் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. வானில் உள்ளவை உயரத்திலேயே வட்டமிட்டுக் காத்திருக்கின்றன. போர் அச்சமோ புயலோ இதற்குக் காரணமன்று. கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதும் மாணவ மாணவியர் அந்நேரத்தில் ஆங்கில உரையாடலைச் செவியால் கேட்டு விடை எழுதுகின்றனர். விமான இரைச்சல் ஒரு சொல்லையேனும் மறைத்துவிடலாகாது என்பதற்காக ஒரு நாடே தன் வான்வெளியை அமைதிப்படுத்துகிறது.

அந்நாட்டுப் பெற்றோர் ஆங்கிலத்தின்பால் கொண்டுள்ள ஆர்வம் அத்தகையது. 1997ஆம் ஆண்டு முதல் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் பாடமாக வைக்கப்பட்டது. பள்ளி முடிந்த பின் தனி வகுப்பு. விடுமுறையில் மற்றொரு வகுப்பு. இவையும் போதாவென்று, தாயும் பிள்ளைகளும் ஆங்கிலம் வழங்கும் நாடுகளுக்குச் சென்று குடியிருக்க, தந்தை மட்டும் தாய்நாட்டில் தனித்திருந்து உழைத்துப் பணம் அனுப்பும் குடும்பங்களும் உண்டு. அத்தகைய தந்தையைக் 'கிரொகி அப்பா' என்பர். 'கிரொகி' என்பது நெடுந்தொலைவு பறந்து செல்லும் காட்டு வாத்து. 'அப்பா' என்பதற்கு நான் பொருள் கூற வேண்டியதில்லை. கொரியக் குழந்தையும் தந்தையை 'அப்பா' என்றே அழைக்கிறது.

பிள்ளைகளுக்காகத் தனிமையைத் தாங்கும் தந்தையை எவரும் பழிக்க இயலாது. ஆனால் இவ்வார்வம் ஒரு காலத்தில் எல்லை கடந்தும் சென்றது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், ஆங்கில ஒலிகள் தெளிவாக வரவேண்டும் என்பதற்காகச் சில பெற்றோர் தம் சிறு குழந்தைகளை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, நாவின் அடியிலுள்ள மெல்லிய சவ்வை அறுக்கச் செய்தனர். அந்நாட்டுத் தேசிய மனித உரிமை ஆணையம் 2003ஆம் ஆண்டில் உருவாக்கிய திரைப்படத் தொகுப்பு ஒன்றில் ஒரு படம் இக்கொடுமையையே பொருளாகக் கொண்டது. நா கட்டுண்டு பிறந்த குழந்தைக்கு அச்சிகிச்சை தேவைப்படலாம். நலமான நாவின்மீது கத்தி வைப்பானேன்?

அன்பான பெற்றோரே, குற்றம் நாவில் இருந்ததா என்பதைச் சற்று ஆராய்வோம். கொரியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்து அங்கேயே வளரும் குழந்தை, எந்த அறுவையுமின்றி ஆங்கில ஒலிகள் அனைத்தையும் செம்மையாக ஒலிக்கிறது. அதே குருதி, அதே நா. பிறந்த குழந்தையின் செவி எம்மொழியின் ஒலியையும் பிரித்தறியும் ஆற்றல் கொண்டது. ஓராண்டு நிறைவதற்குள் அச்செவி தாய்மொழிக்கு வேண்டிய வேறுபாடுகளைப் போற்றிக்கொண்டு, வேண்டாதவற்றைப் படிப்படியாக விட்டுவிடுகிறது. எனவே, பிற்காலத்தில் வேற்றுமொழி பயிலும்போது முதலில் தடுமாறுவது செவி. செவி பிரிக்காததை நா எவ்வாறு பிரிக்கும்?

கொரியரின் எழுத்தே நாவின் படம் என்றால் வியப்பீர்கள். செசோங் என்னும் அரசர் 1443ஆம் ஆண்டில் தம் மக்களுக்கென ஓர் எழுத்து முறையை அமைத்து, 1446இல் அதை வெளியிட்டார். ஒலிக்கும்போது நாவும் வாயும் கொள்ளும் வடிவத்தைப் பார்த்தே மெய்யெழுத்துகளின் அடிப்படை வரிவடிவங்கள் வகுக்கப்பட்டன. இன்று வழக்கிலுள்ள அடிப்படை எழுத்துகள் 24. அவற்றுள் நம் ரகரத்துக்கும் லகரத்துக்கும் சேர்த்து ஒரே எழுத்துத்தான் உண்டு. இரு உயிர்களுக்கு நடுவே அது ரகரம்போல் ஒலிக்கும். அசையின் இறுதியில் லகரம்போல் ஒலிக்கும். ஆகவே ஒளியைக் குறிக்கும் 'லைட்' என்பதையும், வலப்பக்கத்தைக் குறிக்கும் 'ரைட்' என்பதையும் கொரிய எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

'ஃப' என்னும் ஒலி அம்மொழியில் இல்லை. அவ்விடத்தில் பகரமே வரும். பற்களிடையே நாவை நீட்டி ஒலிக்கும் ஆங்கில ஒலியும் இல்லை. அதற்குச் சகரத்தை ஒத்த ஒலியே பெரும்பாலும் வரும். இதனால் விசுவாசத்தைக் குறிக்கும் 'ஃபெயித்', முகத்தைக் குறிக்கும் 'ஃபேஸ்', நடையின் வேகத்தைக் குறிக்கும் 'பேஸ்' ஆகிய மூன்றும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. நோன்பைக் குறிக்கும் 'ஃபாஸ்ட்' கடந்த காலத்தைக் குறிக்கும் 'பாஸ்ட்' ஆகிவிடுகிறது. இதைப் படித்து நகைக்குமுன், நம் ஊர்ப் பெரியவர்கள் குருவானவரை எப்படி அழைக்கின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். 'பாதர்' என்றுதானே? முப்பது ஆண்டுகளாக அச்சொல்லைக் கேட்டு வருகிறேன். அதில் அன்பு குறைந்ததாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

நமக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு இத்துடன் முடியவில்லை. கணவன் மனைவி இருவரையும் சேர்த்துக் குறிக்கும் கொரியச் சொல் 'புபு'. முதல் எழுத்து வன்மையாகவும் இரண்டாம் எழுத்து மென்மையாகவும் ஒலிக்கும், எழுத்து ஒன்றுதான். நாம் 'பாபம்' என்னும் சொல்லில் இரு பகரங்களையும் இருவிதமாக ஒலிப்பதில்லையா? நம் நாட்டுப்புறத்தார் 'பஸ்ஸு' என்று ஓர் உகரத்தைச் சேர்ப்பதுபோல், அவர்களும் சொல்லின் ஈற்றில் ஓர் உயிரைச் சேர்த்து, மீனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் 'பிஷி' என்பர். 'நல்' என்பதும் 'மை' என்பதும் சேர்ந்தால் 'நன்மை' என்கிறது நம் இலக்கணம். கொரிய மொழியிலும் 'குக்' என்பதும் 'முல்' என்பதும் சேர்ந்தால் 'குங்முல்' ஆகும். சூப்பின் சாறு என்பது பொருள். இந்தப் புணர்ச்சி விதியின்படியே கொரியர் ஒருவர் 'குட் மார்னிங்' என்பதைக் 'குன் மோனிங்' என்கிறார். கேட்பவர் அதைக் கவனக்குறைவு என்கிறார். உண்மையில் அது தாய்மொழி இலக்கணத்துக்கு நா செலுத்தும் கீழ்ப்படிதல்.

பல ஆண்டுகளுக்கு முன் மேய்ப்புப்பணிக் கல்விக்காக நான் மணிலாவில் தங்கியிருந்தபோது, கொரிய அருட்சகோதரி ஒருவர் எங்களுடன் பயின்றார். ஆங்கிலத்தைக் கண்ணால் படித்து அறிவதில் அவர் எவருக்கும் பின்னடைந்தவரல்லர். வாய் திறக்கவேண்டிய நேரத்தில்தான் துன்பம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியை ஒருவர், பாடத்தின் நடுவே, "உங்களுக்குப் புரியவில்லையா?" என்று கேட்பார். சகோதரி, "ஆம்" என்று தலையசைப்பார். ஆசிரியை மகிழ்ந்து அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுவார். இப்படியே வாரங்கள் கழிந்தன. தமக்குப் புரியவில்லை என்று எத்தனை முறை சொல்லியும் எவரும் பொருட்படுத்தவில்லையே என்று அவர் மனம் நொந்து, கல்வியை விடுத்து நாடு திரும்பிவிடுவதென முடிவு செய்திருந்தார்.

சிக்கல் எங்கே என்பது ஒரு தமிழனுக்கு எளிதில் விளங்கும். "புரியவில்லையா?" என்றால் நாம், "ஆம், புரியவில்லை" என்கிறோம். கொரியரும் அவ்வாறே கேள்வியை ஒப்புக்கொண்டு 'ஆம்' என்பர். ஆங்கிலத்திலோ, செய்தி எதிர்மறையானால் விடையும் 'இல்லை' என்றே தொடங்க வேண்டும். ஆசிரியையிடம் இதை எடுத்துரைத்தபோது அவர் திகைத்துப் போனார். மறுநாள் முதல், "எந்த இடம் கடினமாக இருந்தது?" என்று கேட்கத் தொடங்கினார். ஒரே ஒரு கேள்வியின் அமைப்பு மாறியது. சகோதரி நாடு திரும்பவில்லை.

அதன்பின் மாலைதோறும் அரைமணி நேரம் நாங்கள் சிலர் அவருடன் அமர்ந்து பழகினோம். மேற்பல்லைக் கீழுதட்டின்மேல் மெல்ல வைத்து ஊதினால் 'ஃப' பிறக்கும். லகரத்துக்கு நாநுனி மேற்பல்லின் பின்புறத்தைத் தொடவேண்டும். ஆங்கில ரகரத்துக்கு நா எதையும் தொடலாகாது. கிறிஸ்து பிறப்பு விழாவின் ஆங்கிலப் பெயருக்கு இரண்டு அசைகளே உண்டு. கொரிய வழக்கிலோ 'கு-ரி-சு-மா-சு' என ஐந்து. கைதட்டிக்கொண்டே சொல்லி, ஐந்து தட்டுகளை இரண்டாகக் குறைக்கப் பழகினார். முதலில் கேட்கும் பயிற்சி. பிறகே சொல்லும் பயிற்சி. நாங்கள் மாறி மாறிச் சொல்ல, அது 'லைட்டா', 'ரைட்டா' என்று அவர் விரலால் காட்டுவார். செவி தெளிந்த பின்பே நா தெளிந்தது.

ஒலியைவிடக் கடினமானவை மரபுத்தொடர்கள். எளிய வேலையை ஆங்கிலேயர் 'ஒரு துண்டு கேக்' என்பர். கொரியர் 'படுத்துக்கொண்டே அரிசிப் பணியாரம் தின்பது' என்பர். நாம் 'அல்வா சாப்பிடுவது போல' என்கிறோம். மூன்று நாட்டாரும் தின்பண்டத்தையே நினைத்தனர். ஆயினும் ஒருவர் பண்டத்தை மற்றவர் தட்டில் வைத்தால் விளங்குவதில்லை. பலரையும் அறிந்து பழகியவரைக் கொரியர் 'அகன்ற பாதம் உடையவர்' என்பர். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் செருப்புக் கடைக்காரர்தான் மகிழ்வார். நாம் ஒருவரைக் 'கை நீளம்' என்று சொல்லி, அதை அவர்களுக்குச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் என்ன ஆகும்? திருடர் புகழப்பட்டுவிடுவார்!

கொரியர் ஆங்கிலச் சொற்களுக்குத் தாமே புதுப்பொருள் தந்தும் வழங்குகின்றனர். 'ஃபைட்டிங்' என்பது அவர்களிடம் சண்டையைக் குறிக்காது. 'வெற்றி பெறுக, தளராதே' என்னும் வாழ்த்து அது. கடைக்காரர் 'சர்வீஸ்' என்று சொல்லி ஏதேனும் கொடுத்தால், அது நம் ஊர்க் கொசுறு. 'சாப்பிட்டாயிற்றா?' என்பது அவர்களுக்கும் நலம் விசாரிக்கும் சொல். கேட்ட ஆங்கிலேயர் விருந்துக்கு அழைப்பதாக எண்ணிக்கொள்வார். ஒரே பிள்ளையாகப் பிறந்தவரும் 'என் அம்மா' என்னாமல் 'எங்கள் அம்மா' என்பார். ஆண்டவர் கற்பித்த செபத்தில் தந்தையை நாம் தனியுரிமை கொண்டாடாமல் அழைப்பதன் அழகை, இவ்விரு மொழியினருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஒலிப்பை வைத்து மனிதரை எடைபோடும் வழக்கம் மிகப் பழையது, கொடியது. நீதித்தலைவர்கள் நூலின் 12ஆம் அதிகாரத்தில், யோர்தான் ஆற்றுத் துறையில் ஒரு சொல்லைச் சொல்லச் சொல்லி, அதன் முதல் ஒலியைச் செவ்வையாக ஒலிக்க இயலாத எப்ராயிம் குலத்தாரைக் கொன்றனர். மாண்டவர் 42,000 பேர் என்கிறது விவிலியம். தலைமைக் குருவின் முற்றத்தில் புனித பேதுருவைக் காட்டிக் கொடுத்ததும் அவருடைய கலிலேயப் பேச்சே. அதே கலிலேயப் பேச்சைத்தான் பெந்தக்கோஸ்து நாளில் தூய ஆவியானவர் பயன்படுத்தினார். அன்று பேசியவர் கலிலேயர் என்பதைக் கூட்டத்தார் அறிந்திருந்தனர். ஆயினும் ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் கேட்டனர். அது நாவின் புதுமை மட்டுமன்று, செவியின் புதுமையும் ஆகும்.

கொரியாவின் முதல் குருவான புனித அந்திரேயா கிம் தேகோன், மக்காவ் நகரில் இலத்தீன் பயின்று, 1845இல் குருப்பட்டம் பெற்று, மறு ஆண்டே தம் 25ஆம் வயதில் மறைசாட்சியானார். 1984ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சியோல் நகரில் அவரையும் தோழர்களையும் புனிதர்களாக அறிவித்தார். மொத்தம் 103 பேர். அவர் இலத்தீனில் வரைந்த மடல்கள் இன்றும் போற்றப்படுகின்றன. இலத்தீனிலும் 'ஃப' உண்டு. அதை அவர் எப்படி ஒலித்தார் என்று எவரேனும் கேட்கிறோமா? நம் நாட்டிலும் வீரமாமுனிவர் போன்ற அயல்நாட்டுக் குருக்களின் தமிழை நம் முன்னோர் பொறுமையுடன் கேட்டதால்தானே நற்செய்தி நம்மை வந்தடைந்தது?

ஆகவே, பெற்றோரே, உங்கள் பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறும்போது விருந்தினர் முன் திருத்தாதீர்கள், நகைக்காதீர்கள். நம்மவருள் எத்தனை பேர் ழகரத்தை ளகரமாக ஒலிக்கிறோம்! செம்மையாக ஒலிக்கப் பயிற்சி வேண்டும், அது தேவையே. அப்பயிற்சி நாணத்தில் விளையாது. நெடுநேரம் கேட்பதாலும், அஞ்சாமல் சொல்லிப் பார்ப்பதாலும் விளையும். 2023இல் லிஸ்பன் நகரில் திருத்தந்தை பிரான்சிஸ், 2027ஆம் ஆண்டின் உலக இளையோர் நாளைச் சியோல் மாநகருக்கென அறிவித்தார். கொரிய இளையோரும் நம் இளையோரும் சந்திக்கும் இடங்களிலெல்லாம் இடையில் நிற்கப்போவது, இருவருக்கும் தாய்மொழியல்லாத ஆங்கிலந்தான். அங்கே யாருடைய 'ஃப' செம்மையானது என்று பார்க்கத் தொடங்கினால் உரையாடல் அன்றே முடிந்துவிடும்.

மணிலாவில் அவ்வாண்டுப் பாஸ்கா திருவிழிப்பில், படைப்பின் வரலாற்றை வாசிக்கும் பொறுப்பு அச்சகோதரிக்குக் கிடைத்தது. 'லைட்' என்னும் சொல் திரும்பத் திரும்ப வரும் பகுதி அது. பெரும்பாலும் அது தெளிவாக வந்தது. ஓரிரு முறை 'ரைட்' ஆயிற்று. எரியும் திரிகளைக் கையிலேந்தி நின்ற எங்களில் எவருக்கும் பொருள் மயங்கவில்லை. 'ஒரே சொல்லால் ஆயிரம் பொற்காசுக் கடனையும் தீர்க்கலாம்' என்ற கருத்தில் கொரியரிடம் ஒரு பழமொழி உண்டு. அச்சொல் நம் செவியில் பொறுமையோடு ஏற்கப்படும்போதே கடன் தீர்கிறது. தூய ஆவியானவர் நம் நாவைத் திருத்துமுன் நம் செவிகளைத் திறப்பாராக.