தறி ஆணா, பெண்ணா? - வலென்சியாவில் ஒரு காஞ்சிபுரம் மாணவி

பிள்ளையார்பாளையத்தில் காலையில் எழ அலாரம் தேவையில்லை. விடிவதற்குள் ஏதாவது ஒரு வீட்டில் தறி ஓட ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தத்தில் தூங்கி, அந்தச் சத்தத்தில் எழுந்தவள் நான். முதுகலை படிக்க ஸ்பெயினின் வலென்சியா நகரத்துக்கு வந்த முதல் வாரம் எனக்குத் தூக்கமே வரவில்லை. காரணம், அமைதி!

என் படிப்பு ஆங்கிலத்தில். ஆனால், ஊர் ஆங்கிலத்தில் இல்லை. மருந்துக்கடை, காய்கறிக்கடை, வீட்டு ஓனர் எல்லாமே ஸ்பானிஷ். போதாததற்கு வலென்சியன் என்று இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு மொழியும் உண்டு. எங்கள் வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். காஞ்சிபுரத்தில் பல நெசவாளர் வீடுகளில் இதுதான் வழக்கம். அதனால் இரண்டு மொழி பேசும் ஊர் எனக்குப் புதிதில்லை. அந்த இரண்டில் ஒன்றுகூடத் தெரியாமல் நிற்பதுதான் புதிது.

இங்கே மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல். இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. "கார்னே வேண்டாம்" என்று கேட்டு வாங்கிய சாலட்டில் டூனா மீன் இருந்தது. கார்னே என்றால் இறைச்சிதானாம், மீன் அந்தக் கணக்கில் வராதாம்! காஞ்சிபுரம் இட்லியின் மிளகும் சுக்கும் நினைவுக்கு வர, அன்று ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தேன். நல்லவேளை, வலென்சியா அரிசி தின்னும் ஊர். நகரத்துக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றி வயல்கள்தான். பஸ் ஜன்னல் வழியாக முதன்முதலில் அந்த நாற்றைப் பார்த்தபோது, பக்கத்து சீட்காரர் பதறும் அளவுக்கு அழுதுவிட்டேன்.

மாலையில் ஸ்பானிஷ் வகுப்பு. ஐரோப்பாவில் மொழித்திறனை ஏ1, ஏ2, பி1 என்று சி2 வரை ஆறு படியாகப் பிரிக்கிறார்கள். நான் முதல் படி. சில விஷயங்கள் நமக்கு லட்டு மாதிரி. அவர்களின் தனி எழுத்தான, தலையில் கொம்பு வைத்த 'என்', நம்முடைய ஞ-தான். வகுப்பில் மற்றவர்கள் நாக்கைப் பிசைந்துகொண்டிருக்க, நான் "எஸ்பாஞா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வினைச்சொல்லும் நம் ஊர் மாதிரியே. 'தெஹோ' என்றால் நெய்கிறேன், 'தெஹெமோஸ்' என்றால் நெய்கிறோம். நான், நாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, விகுதியே சொல்லிவிடும். நீ, நீங்கள் மாதிரி 'தூ', 'உஸ்தெத்' உண்டு. ஆனால், வாத்தியாரையே 'தூ' என்று கூப்பிடச் சொல்கிறார்கள். இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.

சிக்கல் எங்கே என்றால், உயிரில்லாத பொருளுக்கும் ஆண், பெண் உண்டு. மேசை பெண், புத்தகம் ஆண். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான்!"

ஏ1 முடிவில் வாய்மொழித் தேர்வு. 'உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றார்கள். மூன்று வாக்கியம் சொன்னேன். நான்காவது வரவில்லை. தோற்றுவிட்டேன்.

வீட்டில் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், பார்டர் ஒரு நிறம். இரண்டையும் தறியிலேயே நூலோடு நூல் கோத்து நெய்ய வேண்டும். மூன்று நாடா ஓடும். நெய்பவர் ஒருவர் போதாது, ஓரத்தில் உட்கார்ந்து பார்டர் நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் அந்த இடத்தில் உட்கார்ந்தவள் நான். இப்போது தோள்வலியோடு அம்மா உட்காருகிறார். அவர் என் இடத்தில் உட்கார்ந்திருக்க, நான் இங்கே 'என் அப்பா நெசவாளர்' என்பதைச் சொல்லத் தெரியாமல் விழிக்கிறேன்!

அந்த வாரம் மயூரசர்மனை நினைத்துக்கொண்டேன். 4-ம் நூற்றாண்டில், இன்றைய கர்நாடகத்தின் தாளகுந்தாவிலிருந்து காஞ்சிபுரத்தின் கடிகைக்குப் படிக்க வந்த மாணவர். அந்தக் காலத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் தேடி வந்து படிக்கும் ஊர் எங்கள் ஊர். வந்த இடத்தில் பல்லவக் குதிரை வீரரோடு தகராறு. படிப்பை உதறிவிட்டு வாளெடுத்தார், கடம்ப அரசையே நிறுவினார் என்கிறது தாளகுந்தா கல்வெட்டு. அவருக்குக் கோபம் வந்தது, ராஜ்ஜியம் கிடைத்தது. எனக்குக் கோபம் மட்டும்தான். மறுபடி ஏ1 வகுப்பிலேயே போய் உட்கார்ந்தேன்.

திருப்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. வலென்சியாவும் பட்டு ஊர் என்று எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. மத்திய மார்க்கெட்டுக்கு எதிரே முறுக்கிய கயிறு போன்ற தூண்களோடு ஒரு கட்டடம் நிற்கிறது. பட்டு வணிகத்துக்காக 15-ம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கியது. யுனெஸ்கோ 1996-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வெல்யுதேர்ஸ் என்ற பேட்டை. வெல்வெட் நெசவாளர்கள் என்பதே அந்தப் பெயரின் பொருள். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் தறி ஓடிய இடமாம். 19-ம் நூற்றாண்டில் பட்டுப்புழுவுக்கு வந்த நோயும் தொழில் போட்டியும் சேர்ந்து அடக்கிவிட்டன. இப்போது பழைய நெசவாளர் சங்கக் கட்டடம் பட்டு மியூசியம். மார்ச் மாத ஃபாயஸ் திருவிழாவில் பெண்கள் உடுத்தும் பட்டுப் பாவாடைக்காக இன்னும் சிலர் கைத்தறியில் நெய்கிறார்கள்.

மியூசியத்தில் தறியைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. அங்கிருந்த பெரியவரிடம் ஒவ்வொன்றாகக் கைகாட்டினேன். தெலார், தறி. உர்தீம்ப்ரே, பாவு. லன்ஸதேரா, நாடா. த்ராமா, ஊடை. எழுதி வைக்காமலே எல்லாம் மனதில் நின்றது. "த்ராமா என்றால் கதையின் போக்கு என்றும் அர்த்தம்" என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் மொழியில் நூல் என்றால் இழை, நூல் என்றால் புத்தகம் என்று தத்துப்பித்து ஸ்பானிஷில் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. அன்று முழுசாக அரை மணி நேரம் பேசினேன், தப்பும் தவறுமாக.

அடுத்த வாய்மொழித் தேர்வில் அதே கேள்வி. கோர்வையிலிருந்து ஆரம்பித்தேன். "போதும், நேரமாகிவிட்டது" என்று அவர்களே நிறுத்தினார்கள். பாஸ்!

அன்றே வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, முதலில் தோற்றதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அப்பா எதுவும் கேட்கவில்லை. "தறிக்கு என்ன பேரு அங்க?" என்றார்.

"தெலார்ப்பா. அது ஆண். நாடாவுக்கு லன்ஸதேரா. அது பெண்."

ஓரத்திலிருந்து அம்மா குரல்: "நிக்கிறது ஆம்பள, நாள் முழுக்க ஓடுறது பொம்பளையா? சரியாத்தான்டி பேர் வெச்சிருக்கான்!"

அப்பா சிரித்துக்கொண்டே போனை ஜன்னலில் சாத்தி வைத்தார். தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் போனை வைக்காமல் அப்படியே தலையணை பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.